றொசல்லயில் ஒரு சம்பந்தி மேட்ச்

றொசல்லயில் நான் இருந்த பதினோரு நாட்களில் நடந்தவை:

1. ரயிலின் கடைசிப் பெட்டியில் ஏறியதால், பிளாட்பாரம் இல்லாத இடத்தில் இறங்கினேன்.
2. எங்கள் தெரு ஹாக்கி அணி கால் இறுதியில் ஜெயித்தது. எனக்குத் தெரிய இருபத்து நான்கு மணி நேரம் ஆனது.
3. சுண்டுவிரலில் மாட்டக்கூடிய ஒரு ரப்பர் வளையத்துக்காக ஒரு முழுப் பகல் பஸ்ஸில் போனேன்.
4. எங்கள் அணி அரை இறுதியில் தோற்றது. அது உடனே தெரிந்துவிட்டது.
5. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கிரிக்கெட் மேட்சுக்கு ஸ்கோர் எழுதினேன். ஒரு குடும்பம் எங்கே கிறிஸ்மஸ் கொண்டாடும் என்பது அந்த மேட்சின் முடிவில் இருந்தது.

வேலை விஷயம் கொஞ்சம்தான். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் சர்வீஸ் இன்ஜினியராக இருக்கிறேன். நாங்கள் செய்வது நிறம் பார்த்துப் பிரிக்கும் இயந்திரம். தேயிலைத் தூள் சரிந்து விழும்போது உள்ளே இருக்கும் கேமரா ஒவ்வொரு துணுக்கையும் பார்க்கும். கறுப்பை விட்டுவிடும், சிவந்த காம்பைக் கண்டால் காற்றடித்துத் தள்ளிவிடும். இலங்கை மலைநாட்டில், றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத் தொழிற்சாலை அதில் ஒன்றை வாங்கியிருந்தது. அதை நிறுவி, ஓட்டிக் காட்டி, ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு வருவதற்காக என்னை அனுப்பினார்கள்.

சொந்த ஊர் கோவில்பட்டி. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரிந்ததும் கையில் ஹாக்கி மட்டையைக் கொடுத்துவிடுவார்கள். நானும் பிளஸ் டூ வரை ஆடினேன். வேலைக்காக ஊரை விட்டு வந்து ஆறு வருடம் ஆகிறது; தெரு அணியை மட்டும் விடவில்லை. அதன் ஆட்டம் எந்த டிவியிலும் வராது. எனக்கு அது அப்பாவின் குரலில் வரும். கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் பேசிப் பதிந்து ஒவ்வொன்றாக அனுப்புவார். நடுவரின் குறைகளை முதலில் சொல்வார், பிறகு தரையின் ஈரம், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் குடும்ப நிலவரம். கோல் எண்ணிக்கை கடைசியில்தான் வரும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் றொசல்லயில் ரயில் நின்றது. “ஒரு நிமிடம்தான் நிற்கும், சீக்கிரம்” என்று பக்கத்து சீட்டுக்காரர் சிங்களத்தில் சொன்னார். ஒற்றை விரலைக் காட்டியதால் புரிந்தது. கதவைத் திறந்தால் கீழே சரளைக்கல். பிளாட்பாரம் நான்கு பெட்டி தள்ளி முன்னால் முடிந்திருந்தது. எனக்கு முன்னால் குதித்த ஒரு பெண் திரும்பி நின்று, என் டூல் பெட்டிக்காக இரண்டு கைகளையும் நீட்டினார். பதினெட்டு கிலோ என்று நான் சொல்லி முடிப்பதற்குள் வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிளாட்பாரத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றவர் அருளப்பன். தொழிற்சாலையின் பிட்டர், அங்கே ஓடுகிற, நிற்கிற எல்லா இயந்திரமும் அவர் பொறுப்பு.

“இன்ஜினியர் வர்றாருன்னுதான் சொன்னாங்க மிஸ். நான் ஒரு மீசையத் தேடிக்கிட்டு நின்னேன்” என்றார்.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் ஒரு அறை கொடுத்திருந்தார்கள். சாப்பாடு அருளப்பனின் வீட்டிலிருந்து வந்தது. அவருடைய மனைவி மேரி, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், விடியற்காலையில் சமைத்துவிட்டு வேலைக்குப் போவார். காலையில் ரொட்டி. நம் ஊர் சப்பாத்தியை நினைத்துக்கொள்ளக் கூடாது. தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைந்து, விரல் தடிமனுக்குத் தட்டிச் சுட்டது. கூடவே மிளகாயும் வெங்காயமும் மாசிக் கருவாடும் இடித்த சம்பல். இரண்டு ரொட்டி சாப்பிட்டால் மத்தியானம் வரை வேறு எதையும் நினைக்க வேண்டாம். மூன்றாவதை நான் முயன்று பார்த்தேன். அன்று வேலை மெதுவாக நடந்தது.

தேயிலைத் தோட்டத்தில் தேநீர் பிரமாதமாக இருக்கும் என்ற என் எண்ணம் முதல் நாளே போனது. இங்கே குடிப்பது பால் இல்லாத பிளேன்டீ. அதுவும் சீனியைக் கலக்காமல், உள்ளங்கையில் கொஞ்சம் வைத்து நக்கிக்கொண்டு. நான் கொண்டுபோயிருந்த கோவில்பட்டிக் கடலைமிட்டாயை மேரி அக்காவின் இரண்டு மகள்களும் சீனிக்குப் பதிலாகக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். இந்த இணைப்பை எங்கள் ஊரில் யாரும் இதுவரை செய்து பார்க்கவில்லை. செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை கால் இறுதி. என் அறையின் ஜன்னலோரம் வந்துபோய்க்கொண்டிருந்த ஒரு கோடு சிக்னலும் அன்றைய மழையில் போய்விட்டது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு அறையின் நான்கு மூலைகளிலும் நின்றேன், பிறகு நாற்காலியின் மேலும். திங்கள் மாலை வேலை முடிந்து போகும் வழியில் மேரி அக்கா என் முகத்தைப் பார்த்து நின்றார்.

“என்னா தங்கச்சி, டவர் இல்லையா? மேல வாங்க.”

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களைத் தாண்டி, விளையாட்டு மைதானத்தின் ஓரமாக ஏறினால் தேயிலைச் சரிவு தொடங்கும் இடத்தில் ஒரு பெரிய பாறை. டவர்க் கல் என்கிறார்கள். தோட்டத்தில் சிக்னல் நிலையாகக் கிடைப்பது அங்கே மட்டும்தான். ஐந்தாறு பேர் ஏற்கெனவே நின்று கொழும்போடும் கத்தாரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள். “சாப்பிட்டியா? என்னா கறி?” என்று ஒருவர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏறியதும் அப்பாவின் பதினோரு பதிவுகள் வரிசையாக விழுந்தன. போனில் சத்தம் குறைவாக இருந்ததால் ஒலிபெருக்கியில் போட்டேன். எல்லோரும் கேட்டார்கள். ஒன்பதாவது பதிவில்தான், “ஆமா, அது சரி, மூணுக்கு ரெண்டு, நாமதான்” என்றார் அப்பா. கத்தாரோடு பேசிக்கொண்டிருந்தவர்கூடக் கைதட்டினார்.

“இது எந்த நாட்டு டீமு?” என்று கேட்டார் மேரி அக்கா.

“எங்க தெருவோடது.”

“அப்ப நம்ம கேசுதான்” என்று பாறையில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அவர் பிறந்தது கந்தப்பளை. நுவரெலியாவைத் தாண்டி இருக்கும் இன்னொரு தோட்ட ஊர். பஸ்ஸில் பாதி நாள். பதினான்கு வருடத்துக்கு முன்னால் கல்யாணமாகி இங்கே வந்தார். கல்யாணத்துக்கு மறுநாள், பெண் வீட்டாரைக் கூட்டிப்போக வேண்டிய வேன் கிளம்பவில்லை. உதிரிச் சாமான் வாங்க ஆள் போய்த் திரும்பும் வரை கந்தப்பளைப் பையன்களும் றொசல்லப் பையன்களும் இந்த மைதானத்தில் கிரிக்கெட் ஆடினார்கள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே, ஆடுகிறார்கள். சம்பந்தி மேட்ச் என்று பெயர். பையன்களாக இருந்தவர்கள் தொந்தியும் நரையுமாக ஆகிவிட்டார்கள், ஆட்டம் நிற்கவில்லை. கந்தப்பளை அதன் சொந்த மைதானத்தில் ஜெயித்திருக்கிறது. றொசல்லயில் ஒருமுறைகூட இல்லை.

“நீங்க எந்தப் பக்கம்?”

“பேரு பதிஞ்சது இந்தத் தோட்டத்துலதான். சோறு இங்கதான். டீமு மட்டும் அங்க. இவருக்கும் தெரியும், லயத்துக்கே தெரியும். மேட்ச் வந்தா ஒரு வாரத்துக்கு என்னைய ‘கந்தப்பள’ன்னுதான் கூப்புடுவாங்க.”

அந்த வருட மேட்ச் இங்கே, வரும் ஞாயிறு.

செவ்வாய்க்கிழமை என் பெட்டி ஒன்று சுங்கத்தில் நின்றுவிட்டதால் அரை நாள் வேலை இல்லை. மேரி அக்காவோடு மலைக்குப் போனேன். மலை என்றால் இங்கே தேயிலை நிற்கும் சரிவு. நூறு முறை படத்தில் பார்த்ததுதான். பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. அவர் செடியைப் பார்ப்பதாகவே தெரியவில்லை. பேச்சு என்னோடு, கண் அடுத்த செடியில், கை இந்தச் செடியில். கரும்பச்சைக்கு நடுவே எங்கே வெளிர்பச்சை தெரிகிறதோ அங்கே கை போய்விடுகிறது. பிடி நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே பின்னால் வீசுகிறார். முதுகுக் கூடையில் விழுகிறது. எங்கள் இயந்திரத்துக்கு இதே வேலையைக் கற்றுக்கொடுக்க ஏழு பேர் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தோம் என்று சொன்னேன். “அதுக்கு சம்பளம் வேணாமில்ல, அதான் மெதுவா படிச்சிருக்கு” என்றார்.

புதன் இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில். லீக்ஸ் என்ற தடித்த வெங்காயத்தாள் கறியும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். பேச்சு கிறிஸ்மஸுக்குப் போனது. மேரி அக்காவின் பிறந்த வீட்டில் பிள்ளைகள் நான்கு பேர்: கொழும்பில் கடை வேலையில் இருக்கும் தாமஸ், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் லில்லி, அடுத்து இவர், கடைசித் தம்பி டேவிட். லில்லி ஆறு வருடத்துக்குப் பிறகு இந்த டிசம்பரில் வருகிறார். தாமஸுக்குக் கிறிஸ்மஸ் ஒரு நாள்தான் லீவு. நான்கு பேரும் அம்மா வீட்டில் ஒன்றாக உட்கார அந்த ஒரு நாள்தான் இருக்கிறது.

ஆனால் அருளப்பனுக்கு இங்கே கோயில் இருக்கிறது. தோட்டத்து மாதா கோயிலின் குடிலும் லைட்டும் பதினைந்து வருடமாக அவர் கைவேலை. கிறிஸ்மஸுக்கு அவர் வெளியே போனதே இல்லை, அதனால் குடும்பமும் போனதில்லை. இந்தப் பேச்சு அந்த வீட்டில் பல நாட்களாக நடந்து, முடிவில்லாமல் நின்றிருந்தது.

“சரி” என்றார் அருளப்பன் திடீரென்று. “ஞாயித்துக்கெழம ஒங்க ஆளுக ஜெயிச்சா நான் லைட்டு வேலைய கோயில்ல கூட நிக்கிற ராஜன்கிட்ட குடுக்கிறேன். இருவத்துநாலு காலைல எல்லாரும் கந்தப்பள. தோத்தா இங்கதான். அதுக்கப்பறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது.”

“மிஸ் சாட்சி” என்றார் மேரி அக்கா.

“சாட்சி மட்டுமில்ல, மிஸ்தான் ஸ்கோர் எழுதணும். போன தடவ ஒங்க டேவிட் கூட்டலத் தப்பாப் போட்டான்.”

“தப்பாவா? அது சரியான கூட்டலு. ஒங்களுக்குத்தான் புடிக்கல.”

எனக்குக் கிரிக்கெட் சரியாகத் தெரியாது என்றேன். இரண்டு பேரும் ஒரே குரலில், “அதான் வேணும்” என்றார்கள்.

வியாழக்கிழமை காற்றுக் குழாயில் ஒரு ரப்பர் வளையம் கிழிந்தது. ஹட்டனில் ஒரு ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் முஸ்லிம் பெரியவர். எல்லோரும் அவரை ‘நானா’, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டார்கள். கல்லாவுக்குப் பின்னால் சுவரில் இங்கிலாந்துக் கால்பந்து அணி ஒன்றின் சிவப்புச் சட்டை கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. இங்கிலாந்து போயிருக்கிறீர்களா என்று கேட்டேன். “கொழும்புக்கே வருசத்துல ஒரு தரம்தான் மிஸ் போறது. முப்பத்தொரு வருசமா இவனுகளுக்காகத்தான் எனக்குப் பிரஷர்” என்று சட்டையைக் காட்டினார். வளையம் அவரிடம் இல்லை. தலவாக்கலையில் இன்ன கடை என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்.

தலவாக்கலையில் கிடைத்தது. திரும்பும் பஸ் ஊரைத் தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் ஓரமாக நின்றது. டயர் என்று நினைத்தேன். டிரைவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். இலங்கை ஆடிக்கொண்டிருந்தது, இரண்டு ஓவர் பாக்கி. வளைவுக்கு அப்பால் ரேடியோ கேட்காதாம். முழு பஸ்ஸிலும் ஒருவர்கூட ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்கவில்லை. எதிரணி இந்தியா. கண்டக்டர் என் பக்கம் திரும்பி, எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். அவர் சிங்களத்தில் ஏதோ அறிவிக்க, பஸ்ஸே சிரித்தது. பக்கத்தில் இருந்த பள்ளிக்கூட டீச்சர் எனக்கு மொழிபெயர்த்தார்: “இலங்கை தோத்தா நீங்க எறங்கித் தள்ளணுமாம்.” இலங்கை ஜெயித்தது. இந்தியா தோற்றதில் நான் நிம்மதியடைந்த ஒரே சந்தர்ப்பம் அது.

சனிக்கிழமை இயந்திரம் ஓடியது. அதே மாலை அரை இறுதி. மேரி அக்காவும் நானும் டவர்க் கல்லில் உட்கார்ந்து அப்பாவின் பதிவுகளை அவை வர வரக் கேட்டோம். கடைசி நிமிடத்தில் பெனால்டி ஸ்ட்ரோக். எங்கள் கோல்கீப்பர் வலது பக்கம் விழுந்தார், பந்து இடது பக்கம் போனது. அப்பா அந்த முறை நடுவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. “போச்சும்மா” என்று மட்டும் ஒரு பதிவு. மேரி அக்கா என் போனை வாங்கித் துடைத்து, திருப்பிக் கொடுத்தார். இறங்கும்போது, “நாளைக்கு எனக்கு இருக்கு” என்றார்.

ஞாயிறு காலை பூசை முடிந்த கையோடு கந்தப்பளைக்காரர்களின் இரண்டு வேன்கள் வந்தன. சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வரக் கூடாது என்பதால் ஒரு மூட்டை கேரட், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு. றொசல்லப் பெண்கள் கோழிக்கறிக்கு அடுப்பு மூட்டியிருந்தார்கள். மத்தியானத்துக்குப் பிறகு மழை பிடித்துக்கொள்ளும் என்பதால் பத்து மணிக்கே தொடங்கியாக வேண்டும். இரண்டு கேப்டன்களும் என்னிடம் வந்து மைதானத்து விதிகளைச் சொன்னார்கள். எழுதிக்கொண்டேன்:

1. அணிக்கு எட்டு ஓவர். டென்னிஸ் பந்து.
2. கீழ் ரோட்டில் விழுந்தால் நான்கு.
3. கோயில் கூரையில் விழுந்தால் அவுட். சாமி எந்தப் பக்கமும் இல்லை.
4. மேல் தேயிலைக்குள் போனால், பந்து கிடைக்கும் வரை ஓடிக்கொள்ளலாம். ஆறு ஓட்டத்துக்கு மேல் கிடையாது. தேட யார் வேண்டுமானாலும் போகலாம்.

நான்காவது விதியால்தான் றொசல்ல இங்கே தோற்பதில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் சரிவின் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். றொசல்ல பந்து வீசும்போது பந்து உள்ளே போனால் பன்னிரண்டு பேர் பாய்வார்கள். கந்தப்பளை வீசும்போது அதே பன்னிரண்டு பேரும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டிருப்பார்கள்.

மேரி அக்கா அந்த வரிசையில் உட்காரவில்லை. டவர்க் கல்லில், ஸ்கோர் எழுதும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். குவைத்தில் லில்லி காத்திருந்தார். அங்கே ஞாயிறு வேலை நாள்; அடுக்களையில் நின்றபடி காதில் மாட்டிக்கொண்டு கேட்பாராம். ஒவ்வொரு ஓவர் முடிந்ததும் மேரி அக்கா போன் பொத்தானை அழுத்திப் பிடித்து நிலவரத்தைப் பேசி அனுப்ப வேண்டும்.

அருளப்பன் கீழிருந்து கத்தினார். “ஏய் கந்தப்பள! மேல உக்காந்து பந்த ஒளிச்சு வெச்சிராத!”

“நான் எதுலயும் கை வெக்க மாட்டேன். ஒங்களுக்கும் இல்ல, அவங்களுக்கும் இல்ல” என்றார் மேரி அக்கா.

றொசல்ல முதலில் ஆடி அறுபத்தொன்று எடுத்தது. கந்தப்பளைக்கு அறுபத்திரண்டு வேண்டும். ஐந்தாவது ஓவர் வரை நம்பிக்கை இல்லை. பிறகு டேவிட் வந்தார். சமையல்காரர் கரண்டியைப் பிடிப்பதுபோல் மட்டையைப் பிடித்தார், ஆனால் பட்டதெல்லாம் கீழ் ரோட்டுக்குப் போனது. கடைசி ஓவர் தொடங்கும்போது பத்து ஓட்டம் பாக்கி. வீசுவது அருளப்பன், அடிப்பது டேவிட். அக்காவின் கணவரும் மனைவியின் தம்பியும். மேரி அக்கா பொத்தானை அழுத்தியவர் விடவே இல்லை. பந்துக்குப் பந்து பேசிக்கொண்டே போனார்.

“லில்லி, ரெண்டு ஓடிட்டான்... நாலு! ரோட்டுல! நாலுடி!... இது படல... இதுவும் படல. இவரு வேணும்னே ஒசரமாப் போடுறாரு... ஐயோ, இதுவும் போச்சு. ஒரு பந்துதான் இருக்கு. நாலு அடிச்சா நம்ம. லில்லி, நாலு.”

டேவிட் கண்ணை மூடிக்கொண்டு அடித்திருக்க வேண்டும். பந்து எங்கள் தலைக்கு மேலே போய், பின்னால் தேயிலைக்குள் விழுந்தது. பன்னிரண்டு பெண்களும் எழுந்து ஓடினார்கள், ஆனால் நான்கு வரிசை தள்ளிப் போய்த் தேடினார்கள். கீழே டேவிட் ஒன்று ஓடி முடித்து இரண்டுக்குத் திரும்பினார். மேரி அக்கா சரிவைப் பார்த்து எழுந்து நின்று, “ஓடு, ஓடு, ஓடு” என்று போனுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு நடந்ததை நான் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தேன். டென்னிஸ் பந்து வெளிர்பச்சை நிறம். அவர் கண் ஒரு செடியில் நின்றது. கால் இரண்டு எட்டு வைத்தது. வலது கை செடிக்குள் போய் வந்தது. “இந்தா இருக்கு!” என்று வாய் கத்தியது. கை, திரும்பிப் பார்க்காமல், தோளுக்கு மேலே பின்னால் வீசியது.

முதுகில் கூடை இல்லை. பந்து சரிவில் துள்ளிக் கீழே இறங்கி, ஓரத்தில் நின்ற றொசல்லக்காரரின் காலடிக்குப் போனது. அவர் எடுத்து எறிந்தார். மூன்றாவது ஓட்டத்துக்குப் பாதி வழியில் இருந்த டேவிட் அவுட். கந்தப்பளை அறுபது.

மேரி அக்கா தன் கையைப் பார்த்தார். “கை தானாப் போயிருச்சு தங்கச்சி” என்றார், என்னிடம் மட்டும்.

கந்தப்பளைக் கேப்டன் மேலே ஏறி வந்து, ஆட்டக்காரர் அல்லாதவர் பந்தை எறிந்தது எப்படிச் செல்லும் என்று கேட்டார். எல்லோரும் என் நோட்டைப் பார்த்தார்கள். நான்காவது விதியைச் சத்தமாகப் படித்தேன். யார் வேண்டுமானாலும் என்றுதான் எழுதியிருந்தது. படிக்கும்போது மேரி அக்காவைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர்தான் முதலில், “சரியாத்தான் படிச்சாங்க” என்றார்.

அதற்குப் பிறகு பெண்கள் அவரை விடவில்லை. “பதினாலு வருசம் கழிச்சு இன்னைக்குத்தான்டி ஒனக்கு கல்யாணம் முடிஞ்சுச்சு!” என்று ஒருவர் தோளில் தட்டினார். டேவிட் மூச்சு வாங்க வந்து, “அக்கா, ஒன்னைய நாங்க தெரியாமக் கட்டிக் குடுத்துட்டோம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேரி அக்காவும் சிரித்தார். அப்போதுதான் கட்டைவிரல் இன்னும் பொத்தானின் மேலேயே இருப்பதைப் பார்த்து எடுத்தார். பதிவு குவைத்துக்குப் போய்விட்டது.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. முதலில் குக்கர் விசில். பிறகு ரகசியக் குரல்: “மேரி... ‘இந்தா இருக்கு’ன்னு கத்துனது யாரு? ஒஞ் சத்தமாட்டம் இருக்கே. நீயாடி எடுத்த? அடிப்பாவி.” இன்னொரு விசில். “சரி, அழுவாத. மேடம் வர்றாங்க.”

மேரி அக்கா அழவில்லை. கோழிக்கறி பரிமாறப் போனார்.

சாப்பாட்டுக்குப் பிறகு மழை வந்தது. வேன்கள் கிளம்பிப் போன பின், வீட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டே அருளப்பன் சொன்னார்:

“மேரி, அது வெளையாட்டுக்குச் சொன்னது. நீ புள்ளைகளக் கூட்டிக்கிட்டு இருவத்துநாலு போயிரு. லில்லி வருதில்ல. நான் இங்க பார்த்துக்கிறேன்.”

“அப்ப நான் எடுத்தது பந்து இல்லையா?”

“பந்துதான். அதுக்கு?”

“ஒங்க ஆளுக பன்னெண்டு பேரு நாலு வரிசை தள்ளித் தேடிக்கிட்டு இருந்தாளுக. நான் எடுக்காட்டி ஒங்களுக்குத் தோல்வி. நான் ஜெயிச்சுக் குடுத்தத நீங்க எனக்கு சும்மாத் திருப்பிக் குடுப்பீங்களா?”

“ஒனக்கு ஆசையா இருக்கேன்னு சொல்றேன்.”

“ஆசதான். யாரு இல்லன்னா?”

நான் குறுக்கிட்டேன். ஒருவர் விட்டுக்கொடுப்பதை வாங்கிக்கொள்வதில் தப்பு இல்லை, லில்லி அக்காவுக்காகவாவது போகலாமே என்றேன். எனக்கு அது நேரான கணக்காகத் தெரிந்தது. மேரி அக்கா கோபப்படவில்லை.

“நேத்து ஒங்க டீமு தோத்துச்சே தங்கச்சி. அந்தக் கோலு வேணாம், எடுத்துருங்கன்னு அப்பாகிட்டச் சொன்னீங்களா?”

இல்லை என்றேன்.

“கந்தப்பளைக்காரங்க ஒரு ஓட்டத்துல தோத்துட்டு, ஒண்ணும் பேசாம வேன்ல ஏறிப் போறாங்க. நான் மட்டும் ஜெயிச்ச மாதிரி கிறிஸ்மஸுக்குப் போய் நிக்கவா?”

அருளப்பன் துண்டால் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்துப் பிளேன்டீ கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்தார். அந்த வீட்டில் அவர் தேத்தண்ணி போட்டு நான் பார்த்தது அன்றுதான். சீனி வைக்க மறந்திருந்தார். மேரி அக்கா அதைச் சொல்லாமல் குடித்தார்.

மறுநாள் காலை ரயில். இந்த முறை நடுப்பெட்டி.

இதை எழுதுவது டிசம்பர் மூன்றாம் வாரம், கோயம்புத்தூரில். இயந்திரம் நன்றாக ஓடுவதாக அருளப்பன் தகவல் அனுப்பியிருக்கிறார். கோயில் குடிலுக்கு லைட்டுப் போட்டுவிட்டார். லில்லி கந்தப்பளைக்கு வந்து சேர்ந்துவிட்டார். தாமஸ் கிறிஸ்மஸ் அன்று காலை வந்து மாலையே கொழும்பு திரும்புகிறார். அன்று அந்த வீட்டில் நான்கு பேரில் மூன்று பேர் இருப்பார்கள். மேரி அக்கா றொசல்லயில் இருக்கிறார்.